பெறப்பட்டது

தெப்பக்குளம் மேற்குக் கரையில
பருத்திப்பால் வண்டி என்னுது.
கருப்பட்டி டப்பாவுக்கும் சுக்குத்தூளுக்கும் நடுவுல
உள்ளங்கை அகலத்துல ஒரு பொட்டி
உக்காந்திருக்கு ஏழெட்டு மாசமா.
அழகுராசா கொண்டாந்து வச்சான்.
"சில்லறைத் தொல்லை ஒழிஞ்சதும்மா"ன்னான்.
ஒழிஞ்சது வாஸ்தவம்.

ஆனா அது பேசுது.
ஒரு டம்ளர் குடிச்சிட்டு எவனாச்சும் போனை நீட்டுனா
"இருபது ரூபாய் பெறப்பட்டது"ங்குது,
அனுப்பானடி வரைக்கும் கேக்குற மாதிரி.
பெறப்பட்டது!
எங்க தெருவுல எவ வாயிலயும் வராத சொல்லு.
நாங்க வாங்குவோம், புடுங்குவோம், கைமாத்துக் கேப்போம்.
பெத்தது நாலு புள்ளைக,
அதுல ரெண்டு தங்கல.

எதுத்தாப்புல டீக்கடை பெஞ்சியில
வாரவட்டி பூபாலன் உக்காந்திருப்பாரு.
முன்னெல்லாம் வியாழக்கெழமை வந்தா
"எங்கண்ணே யாவாரம், மந்தம்"னு
உதட்டைப் பிதுக்குவேன்
முந்தானையில கை தொடைச்சுக்கிட்டே.
அவரும் மூஞ்சியப் பாப்பாரு, அடுப்பப் பாப்பாரு,
பாதிய வாங்கிட்டுப் போயிருவாரு.
அந்தப் பொய்தான் என் கைமுதல்.
இப்ப அவரு என் மூஞ்சியவே பாக்குறதில்ல.
டீயை உறிஞ்சிக்கிட்டே விரலை மடக்குறாரு.
"அக்கா, இன்னைக்கு முப்பத்தோரு டம்ளர்"ங்குறாரு.
"தூறல் இல்லேன்னா அம்பதத் தாண்டியிருக்கும்ல?"
கரிசனம் வேற.

ஈரச்சாக்கைப் போட்டு மூடிப் பாத்தேன்,
புதைச்ச பொணம் பேசுன மாதிரி இருந்துச்சு.
சத்தத்தக் கொறைடான்னு மகன்கிட்டச் சொன்னா
"ஏமாத்துறவன் நேத்தைய படத்தக் காட்டிட்டுப் போவாம்மா"ங்குறான்.
அதுவும் நெசம்.
நெத்தியில விபூதியோட ஒருத்தன் அப்படித்தான்
ரெண்டு டம்ளர் குடிச்சிட்டுப் போனான்.

நோட்டும் காசுமா இருந்தப்ப
சுருக்குப்பை இடுப்புல கனக்கும்,
நடக்கையில தொடையில இடிக்கும்.
இம்புட்டு இடிச்சா அரிசிக்கு ஆச்சு,
இன்னுங்கொஞ்சம் இடிச்சா சீட்டுக்கு ஆச்சு.
எண்ணிப் பாக்கவே வேணாம்.

இப்படிச் சொல்லுறேனே, அது மட்டும் என்ன வாழ்ந்துச்சு?
அழகர் ஆத்துல எறங்குன அன்னைக்கு
கூட்டத்துல எவனோ பிளேடு போட்டான்,
கயிறு மட்டும் இடுப்புல இருந்துச்சு.
அப்புறம் ஐநூறு செல்லாதுன்னு சொன்ன ராத்திரி
உளுந்து டின்னுல இருந்தும் சாமி படத்துக்குப் பின்னாடி இருந்தும்
பதினாறு நோட்டையும் எடுத்து
அந்த மனுசன் முன்னாடி பரப்ப வேண்டியதாப்போச்சு.
"எட்டாயிரமா?"ன்னாரு.
கோவமில்ல.
இருபது வருசம் கூட இருந்தவள
அன்னைக்குத்தான் பாக்குற மாதிரிப் பாத்தாரு.
பேங்கு வரிசையில மூணு நாளு நின்னோம், பேசிக்கல.

அதனால பழசெல்லாம் தங்கம்னு யாராச்சும் சொன்னா
நான் தலையாட்ட மாட்டேன்.
எனக்கு ஒரு உளுந்து டின்னு போதும்,
உள்ள என்ன இருக்குன்னு
அது ஊருக்குச் சொல்லாம இருந்தாச் சரி.

போன செவ்வாக்கெழமை பேய்மழை.
டவர் இல்ல.
கழுத்துல காலேஜு அட்டை தொங்க ஒரு பய,
தொப்பறையா நனைஞ்சு,
"போயிருச்சுக்கா, பாருங்கக்கா"ன்னு
போனைத் திருப்பித் திருப்பிக் காட்டுறான்.
பொட்டி கம்முனு கெடக்கு,
மத்த நாளெல்லாம் வாய் ஓயாத மூதேவி.
சரி போடான்னு அனுப்பிட்டு
அவன் முதுகு மறைஞ்சதும்
வம்சத்தையே இழுத்து வஞ்சேன்.

ராத்திரி ரெண்டு மணி இருக்கும்.
வயர்கூடைக்குள்ள இருந்து, கும்மிருட்டுல,
"இருபது ரூபாய் பெறப்பட்டது."

அந்த மனுசன் பொரண்டு படுத்து
"இந்நேரத்துல யாரு புள்ள பருத்திப்பால் கேக்குறது?"ன்னாரு.
"ஒரு பய. மழையில நனைஞ்சவன்."
"குடுத்தியா?"
"குடுத்தேன்."

பெறகு ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் முழிச்சே கெடந்தோம்,
இன்னொரு தடவை பேசுமோன்னு.